தொழுவத்துச் சுவரில் ஒரு ரோமானியக் கல்

வடக்கு இங்கிலாந்தில் ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் எழுப்பிய ஹேட்ரியன் சுவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நாலாவது வாக்கியத்துக்குள் அந்தக் குற்றச்சாட்டு வந்துவிடும்: "மிச்சத்தையெல்லாம் ஊர்க்காரர்கள் பேர்த்து எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள்." யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் சொல்வதில்லை. பாதிக்குப் பாதி உண்மையும் கூட. ஆனாலும் கேட்கும்போதெல்லாம் முள் மாதிரி உறுத்துகிறது. டைன் ஆற்றின் முகத்துவாரப் பக்கம் தொடங்கி மேற்கே சால்வே கடற்கழி வரை 117 கிலோமீட்டர் ஓடிய சுவர் அது. மூன்று ரோமானியப் படையணிகள் கட்டியது. அதை நாலு குடியானவர்கள் மாட்டுத்தொழுவம் கட்டித் தீர்த்துவிட்டார்கள் என்றால், அந்தத் தொழுவங்கள் எங்கே, எத்தனை, அவற்றில் எத்தனை கல் என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோதான ஊர் கில்ஸ்லாண்ட்.

நார்தம்பர்லாண்டும் கம்பிரியாவும் சந்திக்கும் எல்லையில் கிடக்கும் சிற்றூர் அது. ஊருக்குள் ஓடும் போல்ட்ராஸ் ஓடைதான் இரண்டு மாவட்டங்களுக்கும் எல்லை. கந்தக ஊற்றுக்காக ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிய ஊர். எழுத்தாளர் வால்டர் ஸ்காட் தன் வருங்கால மனைவியை 1797இல் சந்தித்ததும் இங்கேதான். 1838இல் முழுமையடைந்த நியூகாசில்–கார்லைல் ரயில் பாதை இன்றைக்கும் ஊரை ஊடறுத்துப் போகிறது. நிலையத்தைத்தான் 1967இல் மூடிவிட்டார்கள். சுவர் ஊருக்குப் பக்கத்தில் போகிறது என்று சொல்வது சரியில்லை. ஊருக்குள்ளேயே போகிறது. ரயில் மேட்டை ஒட்டி ஒரு மைல்கோட்டை (ரோமானிய மைலுக்கு ஒன்றாகக் கட்டிய சிறு கோட்டை), பழைய பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் ஒரு துண்டு, அதற்கு மேற்கே வில்லோஃபோர்டு பண்ணை வழியாக இர்திங் ஆற்றங்கரை வரை சுமார் 900 மீட்டருக்கு ஒரே ஓட்டமாகச் சுவர். ஆற்றைத் தாண்டி மேட்டில் ஏறினால் பர்டோஸ்வால்ட் கோட்டை. நடந்து பார்க்க அரை நாள் போதும்.

கல் எப்படி அடுக்கப்பட்டது

கல் எங்கே போனது என்று கேட்பதற்கு முன்னால், சுவரில் என்ன கல் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். பலரும் மனசில் நினைத்திருப்பது கோயில் மதில் மாதிரி முழுக்கச் செதுக்கிய கல்லால் ஆன சுவர். அது அப்படி இல்லை. வெளி முகத்துக்கும் உள் முகத்துக்கும் மட்டும்தான் செதுக்கிய மணற்கல். நடுவில் இருப்பது உடைகல்லும் களிமண்ணும், சில இடங்களில் சுண்ணாம்புச் சாந்தும் போட்டு நிரப்பிய நிரப்பு. முகப்புக் கல் ஒவ்வொன்றும் முன்பக்கம் சதுரத்துக்குக் கிட்டத்தில், ஏறக்குறைய 25 செ.மீ. அகலமும் 18 செ.மீ. உயரமும் இருக்கும். பின்பக்கம் 40 செ.மீ. அளவுக்கு வாலாகக் குறுகிப் போகும். அந்த வால் நிரப்புக்குள் புதைந்து பல் மாதிரி பிடித்துக்கொள்ளும். முன்முகத்தை மட்டும் ஒழுங்காகக் கொத்தினால் போதும் என்பதால் கல்தச்சனுக்கு வேலையும் மிச்சம். ஒரு கல்லின் எடை 25 கிலோ சுமாருக்கு வரும். ஓர் ஆள் தனியாகத் தூக்கி வைக்கலாம். ஓர் ஆள் தனியாகத் தூக்கிக்கொண்டும் போகலாம். இந்தச் சுவரின் பிற்காலத் தலையெழுத்து பெரும்பாலும் அந்த 25 கிலோவில்தான் இருக்கிறது.

கி.பி. 122இல் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்த காலத்தில் தொடங்கிய வேலை. முதலில் போட்ட திட்டம் 10 ரோமானிய அடி அகலம், நம் கணக்கில் மூன்று மீட்டர் சுமார். ஒரு குழு கடைக்காலை முன்னால் போட்டுக்கொண்டே போனது. மைல்கோட்டைகளையும் காவல் கோபுரங்களையும் இன்னொரு குழு எழுப்பியது. இடையில் சுவரை எழுப்புகிறவர்கள் பின்னால் வந்தார்கள். அதற்குள் திட்டம் மாறிவிட்டது. சுவரை 8 ரோமானிய அடிக்கும் அதற்குக் கீழேயும் குறுக்கிக்கொண்டார்கள். வில்லோஃபோர்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அகலமாகப் போட்ட கடைக்காலின் மேல் ஒல்லியான சுவர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் கடைக்கால் வெறும் திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. 48ஏ, 48பி என்று எண் கொடுத்திருக்கும் இரண்டு காவல் கோபுரங்களும் பழைய அகலத்துக்கே கட்டப்பட்டவை. சுவர் வந்து சேரும் என்று இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டு நிற்கின்றன; வந்து சேர்ந்த சுவரோ ஒல்லி. இரண்டும் சேருமிடத்தில் ஒரு படி உள்வாங்குகிறது. திட்டம் மாறிய செய்தி எந்த ஆவணத்திலும் எழுதப்படவில்லை. அந்த ஒரு படிதான் ஆவணம்.

உயரம்? முழு உயரத்தில் சுவர் எங்கேயும் நிற்கவில்லை. ஊருக்குள் இருக்கும் போல்ட்ராஸ் ஓடை மைல்கோட்டைதான் இதற்குத் துப்புக் கொடுத்தது. ஊரார் அதை 'ராஜாவின் குதிரை லாயம்' என்று சொல்லிவந்தார்கள். கிப்சனும் சிம்சனும் 1909இல் தோண்டியபோது உட்புறம் சுமார் 21 மீட்டருக்கு 18 மீட்டர் கோட்டையும், இரண்டு வீரர் குடியிருப்புகளும், மூலையில் அடுப்பும், வடகிழக்கு மூலையில் மேலே ஏறும் படிக்கட்டின் கீழ்ப்படிகளும் கிடைத்தன. படியின் உயரமும் அகலமும் தெரிந்தால் சாய்வு தெரியும். படிக்கட்டு எவ்வளவு தூரம் ஓட இடம் இருக்கிறது என்பதும் தெரியும். அதை நீட்டிப் பார்த்துத்தான் மேல் நடைபாதை 3.6 மீட்டர் உயரத்தில் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். சுவரின் உயரத்தைப் பற்றி எங்கே படித்தாலும் அந்தக் கணக்குக்குப் பின்னால் இந்த ஊரின் சில படிகள் இருக்க வாய்ப்பு உண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

இனி எண்ணலாம். 3.6 மீட்டர் உயரம், இரண்டு முகம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 7.2 சதுர மீட்டர் முகப்பு. ஒரு கல்லின் முகம் 0.045 சதுர மீட்டர். ஆக, மீட்டருக்கு 160 முகப்புக் கற்கள். வில்லோஃபோர்டின் 900 மீட்டரையும் முழு உயரத்தில் நிறுத்திப் பார்த்தால் 1,44,000 கற்கள்.

ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொள்வோம். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், கூரையடி வரை 5 மீட்டர். சுற்றுச்சுவரின் வெளி முகம் 180 சதுர மீட்டர். கதவு, சன்னலுக்கு 30 கழித்தால் 150. உள் முகத்துக்குச் செதுக்காத கல்லே போதும் என்பதால் அதை விட்டுவிடலாம். 150ஐ 0.045ஆல் வகுத்தால் 3,300 கல் சொச்சம். அதாவது ஒரு வீட்டின் வெளிமுகம் முழுவதையும் ரோமானியக் கல்லாலேயே கட்டினாலும் அது தின்பது 21 மீட்டர் சுவர்தான். 900 மீட்டரைத் தீர்க்க இந்த மாதிரி 43 வீடுகள் வேண்டும். வில்லோஃபோர்டில் இருப்பது ஒரு பண்ணை.

'வீடு கட்டிக்கொண்டார்கள்' என்ற கதை இங்கேயே நொண்டத் தொடங்குகிறது. வீடு இல்லையென்றால் வேறெது? விடை கண்ணுக்கு எதிரிலேயே, மேய்ச்சல் நிலமெங்கும் கோடு கோடாக ஓடிக்கொண்டிருக்கிறது: காரை போடாமல் அடுக்கிய வயல் சுவர்கள். அவற்றின் கட்டுமானத்தைப் பாருங்கள். இரண்டு முகம், நடுவில் சல்லி நிரப்பு, நீளக் கல்லின் வால் உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்ற விதி. ரோமானியச் சுவரையே இடுப்பளவுக்கு வெட்டிச் சாந்தை எடுத்துவிட்ட மாதிரி. அந்த வால் வைத்த கல் இந்த வேலைக்கென்றே செய்து வைத்தது போலப் பொருந்தும். 1.4 மீட்டர் உயரத்துக்கு இரண்டு முகம் என்றால் மீட்டருக்கு 62 கல். ஒரு ஹெக்டேர் சதுர வயலைச் சுற்றி 400 மீட்டர். கிட்டத்தட்ட 25,000 கல். ஆறே ஆறு வயல், 900 மீட்டர் சுவரும் காலி. வீட்டுக்கு 3,300, வயலுக்கு 25,000 என்பது சின்ன வித்தியாசம் இல்லை. வயல் சுவரில் உள்ள கல்லெல்லாம் ரோமானியக் கல் என்று நான் சொல்லவரவில்லை. நிலத்தைத் துப்புரவாக்கும்போது கிடைத்த கல், பக்கத்துப் பாறையில் உடைத்த கல் எல்லாம் கலந்துதான் இருக்கும். எந்தத் தேவை எவ்வளவு பெரியது என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19இன் தொடக்கத்திலும் வடக்கு இங்கிலாந்தின் பொது மேய்ச்சல் நிலங்கள் சட்டம் போட்டுப் பிரிக்கப்பட்டன. பங்கு கிடைத்தவர் தன் நிலத்தைச் சுற்றி வேலி எழுப்பியே ஆக வேண்டும். கல் பக்கத்திலேயே கொத்தித் தயாராக இருந்தது. வண்டிக்கூலி கூட இல்லை.

1801இல் வில்லியம் ஹட்டன் என்ற 78 வயது மனிதர் பர்மிங்காமில் இருந்து நடந்தே வந்து சுவர் முழுவதையும் பார்த்தார். பிளேன்ட்ரீஸ் என்ற இடத்தில் 224 கெஜ நீளத்துக்குச் சுவரை நில உரிமையாளர் உடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு மனம் பொறுக்காமல் நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். ஒரு சிறு துண்டு தப்பியது. பண்ணை வீடு கட்டத்தான் உடைத்தார் என்பது சொல்லப்படும் செய்தி. 224 கெஜம் என்றால் 205 மீட்டர். அப்போது நின்ற உயரம் ஏழரை அடி என்று வைத்தாலும் 20,000 முகப்புக் கல்லுக்கு மேல் வரும். மேலே சொன்ன அளவில் ஆறு வீட்டு வெளிமுகத்துக்குக் காணும். ஒரு வீட்டுக்கு இவ்வளவு வேண்டியதில்லை.

குடியானவர்களை முழுக்க விடுவித்துவிட்டுப் பழியை வேறெங்கோ தூக்கிப் போடும் நோக்கம் எனக்கில்லை. ஆனால் வரிசையில் முன்னால் நிற்க வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கில்ஸ்லாண்ட் பிரபு ராபர்ட் தெ வோ நிறுவிய லேனர்காஸ்ட் துறவியர் மடம் ரோமானியக் கல்லை ஏராளமாகப் பயன்படுத்தியது. நோயுற்ற முதலாம் எட்வர்ட் மன்னர் 1306–07 குளிர்காலத்தைக் கழித்தது அந்த மடத்தில்தான். பக்கத்து கிரீன்ஹெட் ஊரில் இருக்கும் தெர்ல்வால் கோட்டை கிட்டத்தட்ட முழுக்கவே சுவரின் கல். இவை எல்லாவற்றையும் மிஞ்சியது அரசு. 1745இல் ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பிய கலகத்தின்போது நியூகாசிலில் இருந்து கார்லைலுக்குப் பீரங்கியைக் கொண்டுபோக வழியில்லாமல் படை தவித்தது. அதற்குப் பிறகு 1751 முதல் 1757 வரை ஒரு ராணுவச் சாலை போட்டார்கள். கிழக்குப் பகுதியில் சுமார் 30 மைலுக்குச் சுவரை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்தக் கல்லையே அடிக்கல்லாக்கி, அதன் மேலேயே சாலை போனது. சுவருக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு எது என்றால் இதைத்தான் சொல்வேன். அதைச் செய்தது நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு வந்த பணம்.

ரோமானியக் கல்லை அடையாளம் காண்பது

பண்ணைக் கட்டடத்தில் இருக்கும் கல் ரோமானியக் கல்தானா என்று பார்க்க ஒரே ஓர் அடையாளத்தை நம்பக் கூடாது. முதலில் அளவு. வீட்டுக்கென்று புதிதாக உடைத்த கல் நீளமும் குட்டையுமாக இருக்கும். சுவரின் கல் ஏறக்குறைய சதுர முகமாக, வரிக்கு வரி ஒரே உயரத்தில் வரும். அடுத்தது உளி அடையாளம். மூலைவிட்டமாகவோ வைர வடிவமாகவோ ஓடும் உளிக் கோடுகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் பிற்காலக் கொத்தர்களும் மூலைவிட்டமாகக் கொத்தியிருக்கிறார்கள். மழையும் காற்றும் கோடுகளைத் தின்றுவிட்ட கல்லில் ஒன்றுமே தெரியாது. மூன்றாவது, இடம் பொருந்தாத கல். வளைவுக் கல் ஒன்று சாதாரணச் சுவரில் செருகியிருப்பது, வாசல்படிக் குழி உள்ள கல் நிலைக்கு மேலே இருப்பது, பெரிய கட்டைக்கல்லின் மேல்முகத்தில் தூக்குக் கொக்கிக்காக வெட்டிய குழி பக்கவாட்டில் தெரிவது. அந்தக் குழி மேலே குறுகி உள்ளே அகலும். இரும்பு ஆப்புகளைச் செருகினால் கழன்று வராது. இப்படிக் குழி வெட்டிய கல் பெரும்பாலும் பாலத்திலிருந்தோ கோட்டை வாசலிலிருந்தோ வந்திருக்கும், சுவரின் சாதாரண ஓட்டத்திலிருந்து அல்ல.

இத்தனைக்கும் மேலான சாட்சி எழுத்து. ஒவ்வொரு நூற்றுவர் படையும் தனக்கு ஒதுக்கிய நீளத்தைக் கட்டி முடித்ததும் ஒரு சிறு கல்லில் தன் பெயரை வெட்டி வைக்கும். திருப்பிப் போட்ட ஆங்கில 'சி' மாதிரி ஒரு குறி, பிறகு நூற்றுவர் தலைவன் பெயர். வில்லோஃபோர்டு பண்ணையின் கட்டடச் சுவர் ஒன்றில் அப்படியொரு கல் இருக்கிறது. ஐந்தாவது கோஹார்ட்டை (படையணியின் ஒரு பிரிவு) சேர்ந்த கெல்லியுஸ் பிலிப்புஸின் நூற்றுவர் படை இதைக் கட்டியது என்று சொல்கிறது. சுவர்க்கல்லாக இருந்து, தொழுவக் கல்லாக மாறி, இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அருங்காட்சியகத்தில் கூட இல்லை. அது பிறந்த இடத்துக்கு மிக அருகிலேயே இன்னொரு சுவரில், இன்னொரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

எழுத்தில்லாத கல்லுக்கு வேறு வழி வேண்டும். நியூகாசில் பல்கலைக்கழகம் லாட்டரி பாரம்பரிய நிதியில், தன்னார்வலர்களை வைத்து நடத்திய சமூகத் தொல்லியல் திட்டம் ஒன்று இதைத்தான் தன் இரண்டு வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது: சுவரின் கல் எந்தப் பாறையிலிருந்து வந்தது, சுவரிலிருந்து எங்கெல்லாம் போனது. மணற்கல்லின் மணிப்பருமன், நிறம், மைக்கா மினுக்கம், படிவு வரிகள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கட்டடம் கட்டடமாகப் போனார்கள். ஊரில் பழமையான தொழுவம் உள்ளவர்கள் எல்லோரும் செய்யக்கூடிய வேலை இது. கேமராவும் அளவுகோலும் கைலென்ஸும் போதும்.

இப்போது கொல்வது தண்ணீர்

கல்லைப் பேர்த்து எடுத்தவர்கள் காலம் முடிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நிற்கும் சுவரை இன்று அழிப்பது வேறு. மேலே மூடி இல்லாத சுவரின் தலையில் மழை விழுகிறது, நிரப்புக்குள் இறங்குகிறது, உள்ளேயிருக்கும் களிமண்ணை நனைத்து உப்பவைக்கிறது. குளிர்காலத்தில் உறைந்தால் தண்ணீரின் கனஅளவு 9 சதவீதம் கூடும். முகப்புக் கல் மயிரிழை மயிரிழையாக வெளியே தள்ளப்படும். பனி உருகினால் நடுவில் விழுந்த இடைவெளியில் நிரப்பு சரிந்து உட்காரும். அடுத்த முறை கல் பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை. சுவரின் வயிறு பிதுங்கத் தொடங்கினால் அதற்கு இதுதான் காரணம். ரோமானியர்களுக்கும் தண்ணீர்ப் பயம் இருந்தது. வில்லோஃபோர்டு ஓட்டத்தில் சுவரின் அடியில் வடிகால் துவாரங்கள் விட்டிருக்கிறார்கள். சரிவில் குறுக்கே கட்டிய சுவருக்கு மேட்டுப்பக்கம் தேங்கும் தண்ணீர் வெளியேறாவிட்டால் சுவரே அணையாகிவிடும். அந்தத் துவாரங்கள் மண் மூடி அடைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது இன்றைய பராமரிப்பிலும் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு செய்த ஒரு தவறும் சேர்ந்துகொண்டது. தளர்ந்த கல்லை உறுதிப்படுத்துகிறேன் என்று சிமென்ட் கலந்த கெட்டிச் சாந்தைப் பல நினைவுச்சின்னங்களிலும் இடுக்குகளில் அடைத்தார்கள். சுண்ணாம்புச் சாந்து கல்லை விட மென்மையானது, காற்று போகும். உள்ளே நுழைந்த ஈரம் சாந்து வழியாக வெளியேறும். உப்பும் பனியும் தின்றால் சாந்தைத் தின்னும். தேய்ந்த சாந்தை மாற்றிக்கொள்ளலாம். சிமென்ட் வைத்த இடத்தில் இது தலைகீழ். ஈரம் கல் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். கல்லின் முகம் பொரிந்து ஏடு ஏடாக உதிரும். கடைசியில் கல் உள்வாங்கி, சிமென்ட் மட்டும் தேன்கூடு போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி ஒரு சுவரைப் பார்த்தால், ரோமானிய உளிக்கோடு எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

கால்களும் உண்டு. 2003இல் திறந்த 84 மைல் தேசிய நடைபாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. சுவருக்குப் பக்கத்துப் புல்தரையின் அடியில் தோண்டாத தொல்லியல் படுகைகள் இருக்கின்றன. புல் போனால் மண் போகும், மண் போனால் அவை வெளியே வந்துவிடும். அதனால்தான் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் பக்கத்தில் பக்கத்தில் நடங்கள், சுவர் மேல் ஏறாதீர்கள், மண் நனைந்திருக்கும் குளிர்காலத்தில் முழுப் பாதையையும் நடக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். மே முதல் அக்டோபர் வரை நல்லது. ஒற்றைத் தடம் விழுந்துவிட்டால் மழை அதை வாய்க்காலாக்கிவிடும்.

இன்னொரு பக்கம் வறட்சி. கிரீன்ஹெட் அருகே உள்ள மேக்னா கோட்டையின் ஈரச் சதுப்பு மண் காற்றை உள்ளே விடாமல் தோலையும் மரத்தையும் 1,800 வருஷத்துக்கு மேலாகக் காத்து வைத்திருந்தது. நிலம் உலரத் தொடங்கியதும் அது போய்விடும் என்ற பயத்தில்தான் 2023இல் அங்கே ஐந்தாண்டு அகழாய்வைத் தொடங்கினார்கள். 2025இல் 30 செ.மீ.க்கும் அதிக நீளமுள்ள தோல் செருப்புகள் அங்கே கிடைத்தது உலகச் செய்தியானது. சுவருக்கு எமனான அதே தண்ணீர், சதுப்பில் காவலாளியாக இருந்தது. இர்திங் ஆற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆறு மேற்கே நகர்ந்துபோனதால் வில்லோஃபோர்டின் ரோமானியப் பாலத்தின் கிழக்குக் கரைத்தாங்கி இன்று புல்வெளியில், தண்ணீரே இல்லாத இடத்தில் நிற்கிறது. கிழக்கில் வண்டலைப் போட்டு மூடிக் காப்பாற்றிய ஆறு, மேற்கில் ஹாரோஸ் ஸ்கார் சரிவை அரித்துச் சுவரின் தொடர்ச்சியைக் கொண்டுபோய்விட்டது.

பட்டியலில் இல்லாத சுவர்கள்

நிற்கும் சுவருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஒரு கல்லை அசைக்க முடியாது. பழைய பண்ணை வீடுகளில் பலவும் பட்டியலிட்ட கட்டடங்கள், அதாவது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. ஆனால் அந்த 62 கல் கணக்கு திரும்பத் திரும்ப மனசில் வருகிறது. கல் அதிகமாகப் போயிருக்கக்கூடிய வயல் சுவர்களுக்குப் பெரும்பாலும் அப்படி ஒரு பட்டியலும் இல்லை. சரிந்தால் சரிந்ததுதான், கம்பி வேலி போடுவது மலிவு. வண்டி போக வழி அகலமாக வேண்டுமென்றால் கல்லை அள்ளிப் பள்ளத்தில் கொட்டிவிடலாம். பக்கத்தில் நிற்கும் மூன்று வரிக் கல்லுக்கு அவ்வளவு காவல், அதே பாறையில் வெட்டி அதே கையால் கொத்தி ஐம்பது அடி தள்ளி அடுக்கியிருக்கும் கல்லுக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கல்லை எடுத்தவர்களைத் திருடர்கள் என்று சொல்லிப் பழகியதன் விளைவு இது. திருட்டுப் பொருளை யாரும் பாரம்பரியமாகப் பார்ப்பதில்லை.

மடமும் தொழுவமும் வயல் சுவரும் சுவரின் அடுத்த ஆயுள். பர்டோஸ்வால்டிலேயே இதற்கு நல்ல சாட்சி உண்டு. ரோமானிய ஆட்சி ஓய்ந்த பிறகு 5ஆம் நூற்றாண்டில், இடிந்த தானியக் களஞ்சியத்தின் மேலேயே பெரிய மர மண்டபங்களை எழுப்பி மக்கள் தொடர்ந்து வாழ்ந்ததை 1987இல் தொடங்கிய அகழாய்வு காட்டியது. அதை யாரும் திருட்டு என்று எழுதவில்லை. வரலாற்றின் அரிய கட்டம் என்று எழுதினார்கள், சரியாகவே. அதே கண்ணை 1800இல் வயலுக்கு வேலி கட்டியவன் மேலும் வைக்கலாம்.

ஆகவே தொழுவத்துச் சுவரைப் பழுது பார்க்க நேர்ந்தால், அந்தப் பெரிய சுவருக்குச் செய்வதையே செய்ய வேண்டும். பட்டியலிட்ட கட்டடமாக இருந்தால் முதலில் அனுமதி. பிறகு, கல்லைத் தொடும் முன் சுவர் முழுவதையும் நேர்நேராகப் படம் எடுத்து, எழுத்தோ குழியோ தெரியும் கல்லுக்கு எண் கொடுத்துவிடுங்கள். மின்சார வெட்டுக் கருவி கூடவே கூடாது. இடுக்கைத் தாண்டி ஒரு தடவை கல்லின் விளிம்பில் ஏறினாலும் உளிக்கோடு போச்சு. கைச்சுத்தியலும் மெல்லிய உளியும் வைத்து, இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மி.மீ.க்கு, பழைய சாந்தை எடுக்க வேண்டும். சிமென்ட் கல்லை விடாமல் பிடித்திருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. பிடுங்கினால் கல்லின் முகத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். சாந்துக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கூர்மணல். மணலின் பெரிய மணி இடுக்கின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கெட்டியாகட்டும் என்று வலுவான சுண்ணாம்பைத் தேடுவது இந்த மென்கல்லுக்கு ஆகாது.

இடுக்கை நன்றாக நனைத்து, தண்ணீர் பளபளப்பு அடங்கிய பிறகு சாந்தை உள்ளே வரைக்கும் அழுத்திச் செலுத்த வேண்டும். கல்லின் முகத்தில் அப்பாமல், விளிம்புக்குச் சற்று உள்ளே நிறுத்த வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாத பதம் வந்ததும் கடின முடித் தூரிகையால் குத்திக் குத்தி மேல் ஏட்டைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே போய்ச் சுண்ணாம்பு இறுகும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு அதன் மேல் தாள் மூடி, ஒரு வாரமாவது காற்றும் வெயிலும் படாமல் லேசாக நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்று ஒரே பிற்பகலில் சாந்தைப் பொடியாக்கிவிடும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாளில் கரணையைத் தொடவே வேண்டாம். செப்டம்பர் முடிவதற்குள் வேலையை முடித்தால்தான் முதல் உறைபனிக்கு முன் சாந்து இறுகும். கெல்லியுஸ் பிலிப்புஸின் பெயர் இருக்கும் கல்லைப் போல எழுத்துள்ள கல் ஒன்று நடுவில் வந்தால், அதைச் சுற்றியுள்ள நான்கு இடுக்குகளையும் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். அதற்குள் கைக்குச் சாந்தின் பதம் பிடிபட்டிருக்கும்.